எழுபதாயிரம் என்னும் எண்

மலையகத் தமிழரின் வரலாறு பேசப்படும் கூட்டங்களில், அட்டனிலாயினும் நுவரெலியாவிலாயினும், எழுபதாயிரம் என்னும் எண் ஒலிப்பதுண்டு. கேட்போர் நெஞ்சு கனக்கும். ஆனால் அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று வினவுவோர் அரியர். வினவினால் இறந்தோரை அவமதித்ததாகிவிடுமோ என்ற தயக்கம் போலும்!

அவ்வெண் 1849இல் ‘கொழும்பு ஒப்சேவர்’ பத்திரிகையில் வெளிவந்தது. 1841 முதல் 1849 வரை தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோருள் 70,000 பேர், அதாவது நூற்றுக்கு 25 பேர், மாண்டனர் என்று அது மதிப்பிட்டது.

மாண்டோரை ஒவ்வொருவராக எண்ணிப் பெற்ற தொகையன்று அது. மன்னாரிலிருந்து மாத்தளை வரை நீண்ட காட்டுவழியில் பசியாலும் வாந்திபேதியாலும் விழுந்தவனுக்குப் பதிவேடு ஏது? இருந்தவை துறைகளில் எடுத்த வருகைக் கணக்கும் திரும்புகைக் கணக்குமே. வந்தோர் மிகுதி, திரும்பியோர் குறைவு. இடையில் நின்றோர் எங்கே? இறந்தனர் என்றது ஒரு தரப்பு. கணக்கிற் படாமல் தோணியேறியோரும் இங்கேயே தங்கிவிட்டோரும் பலர் என்றது தோட்டத் துரைமார் தரப்பு. அதுவரையில் நியாயமே. ஆனால் எண் பிழையெனின் சாவே பொய் என்று தாவியதுதான் புரட்டு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். துறையில் எண்ணப்பட்டது ஆளையன்று, வருகையை. கோப்பி பறிக்கும் காலத்துக்கு வந்து, ஊர் சென்று, மறு ஆண்டும் வந்தவன் இருமுறை எண்ணப்பட்டான். 70,000 கால் பங்கெனின் வருகை ஏறத்தாழ 280,000. ஒவ்வொருவனும் இருமுறை வந்தான் என்று ஒரு பேச்சுக்குக் கொள்வோம். அப்போது ஆட்கள் 140,000 பேரே. கால் பங்கு அரைப் பங்காகிறது! ஆக, அதே ஏட்டில் ஒரு குறை சாவுத் தொகையைப் பெருக்குகிறது. மற்றொரு குறை சாவு வீதத்தைச் சுருக்குகிறது. தமக்கு உகந்த குறையை மட்டும் காண்போர் இரு தரப்பிலும் உண்டு.

வகுக்கும் எண்ணைப் பிழையாகக் கொண்டு பெரியோரும் இடறியிருக்கின்றனர். லண்டனில் 24 ஆஸ்பத்திரிகளில் ஓராண்டில் இறந்தோரை, 1861இல் ஒரே நாளில் அங்கே படுத்திருந்தோர் தொகையால் வகுத்து, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சாவு என்று கணித்தார் வில்லியம் ஃபார். புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் அதைத் தம் நூலில் 1863இல் வெளியிட, மருத்துவர் உலகம் கொதித்தெழுந்தது.

போர்க் கணக்கிலும் இவ்விடர் உண்டு. களத்தில் வீழ்ந்தவன் எண்ணப்படுவான். ஊனமுற்றுப் படையினின்று விலக்கப்பட்டு, வீட்டில் ஓராண்டு கழித்து மடிந்தவன் விடுபட்டுப் போகக்கூடும். கோப்பித் தோட்டங்களிலும் வேலைக்கு ஆகாத நோயாளியைப் பேர் வெட்டி வெளியேற்றியதுண்டு. தெருவில் அவன் இறந்தால் தோட்டக் கணக்கிலில்லை. கம்பளை ஆஸ்பத்திரிவரை நடந்து இறந்தாலோ, அது ஆஸ்பத்திரியின் சாவாகிறது! தோட்டத்துக்கு நல்ல பெயர், வைத்தியருக்குப் பழி. அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி டாக்டர் வான் டோர்ட் 1869இல் அறிக்கை எழுதினார்.

இலங்கையின் முதற் குடிசன மதிப்பு 1871இல் எடுக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளருக்கான மருத்துவத் தேவைகள் சட்டம் 1872இல் வந்தது. ‘ஒப்சேவர்’ எண் அச்சேறி அப்போது 23 ஆண்டுகள் ஆகியிருந்தன.