புதிய ரயில் பெட்டிகளில் நம் பார்சலுக்கு இடம் உண்டா?

புதிய ரயில் என்றாலே எல்லோரும் வேகத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். வியாபாரிக்கும் வேகம் வேண்டியதுதான். ஆனால் கொள்முதலுக்குப் போகிறவருக்கு உட்கார இடம் வேண்டும். வாங்கிய சரக்கு ஊர் வந்து சேர லக்கேஜ் அறை வேண்டும். இந்த இரண்டும் கிடைக்குமா என்பது, பெட்டியை வடிவமைக்கும்போதே முடிவாகிவிடுகிறது. ஆகவே இவ்விஷயத்தை நம் உறுப்பினர்கள் அறிந்திருப்பது அவசியம்.

நம் பாதை

விருதுநகர் - தென்காசி பாதை 1927-ல் மீட்டர் கேஜாகப் போடப்பட்டது. 2004-ல் அகலப்பாதையாயிற்று. அண்மை ஆண்டுகளில் மின்மயமும் ஆகிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி, தளவாய்புரம் நைட்டி, ராஜபாளையம் மாம்பழம் என்று வெளியூர் போகும் சரக்கு நம் வட்டாரத்தில் ஏராளம். சோழபுரம் போன்ற ஊர்களின் சிறு கடைக்காரருக்கும் இந்தப் பாதையே சென்னைக்கு வழி. முழு லாரி லோடு சேராதவருக்கு லாரி செட்டும் ரயில்வே பார்சல் ஆபீஸும்தான் கதி.

பழைய நீலப் பெட்டி

சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955 அக்டோபர் 2-ல் தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் வடிவமைப்பில் அங்கு உருவான பெட்டிகளே அறுபது ஆண்டுகளுக்கு மேல் நம்மைச் சுமந்தன. 2018-ல் அந்த ரகத்தின் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

அதன் இடத்தில் வந்தது ஜெர்மன் வடிவமைப்பான எல்.எச்.பி. பெட்டி. இது மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம் தாங்கும். விபத்தில் ஒரு பெட்டி மேல் இன்னொன்று ஏறாதபடி இதன் இணைப்பு அமைந்திருக்கிறது. நீளமும் கூடுதல். பழைய ஸ்லீப்பர் பெட்டியில் 72 படுக்கை, இதில் 80.

ஜெனரேட்டர் பிடித்த இடம்

பழைய பெட்டிகள் சக்கரம் சுழலும்போதே விளக்குக்கும் மின்விசிறிக்கும் மின்சாரம் உண்டாக்கிக்கொண்டன. எல்.எச்.பி. வண்டிக்கோ இரு முனைகளிலும் ஜெனரேட்டர் பெட்டி தேவைப்பட்டது. முன்பு கார்டு, லக்கேஜ், பொதுப் பயணிகள் ஆகிய மூவரும் பகிர்ந்துகொண்ட முனைப்பெட்டியின் இடத்தை இயந்திரமும் டீசல் தொட்டியும் பிடித்துக்கொண்டன. லக்கேஜுக்கு மிஞ்சியது சிறு அறைதான்.

இதற்குப் பரிகாரம் மின்சார இன்ஜினிலிருந்து வந்தது. மேலே செல்லும் மின்கம்பியிலிருந்து எடுக்கும் மின்சாரத்தையே பெட்டிகளுக்கும் பகிர்ந்து தரும் வசதி இப்போது இன்ஜின்களில் பொருத்தப்படுகிறது. டீசல் செலவு மிச்சம். இரு ஜெனரேட்டர் பெட்டிகளில் ஒன்றை எடுத்துவிட்டு, லக்கேஜும் பயணிகளும் செல்லும் பெட்டியைக் கோக்க முடிகிறது. பாதை மின்மயமானதால் வியாபாரிக்குக் கிடைக்கக்கூடிய நேரடி லாபம் இது.

வந்தே பாரத், அம்ரித் பாரத்

தனி இன்ஜின் இல்லாமல் பெட்டிகளிலேயே மோட்டார் பொருத்திய வண்டி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1931-லேயே சென்னை கடற்கரை - தாம்பரம் மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடியது. அதே முறையை நெடுந்தூரத்துக்குக் கொண்டு வந்து 2018-ல் ஐ.சி.எஃப். தயாரித்ததே வந்தே பாரத். 2019 பிப்ரவரியில் டில்லி - வாரணாசி இடையே முதலில் ஓடியது. 2023 செப்டம்பரில் திருநெல்வேலி - சென்னை வண்டி வந்தது. படுக்கை வசதியுள்ள வந்தே பாரத் வண்டிகள் 200-க்கு 2023-ல் ஆர்டர் தரப்பட்டது. ஒரு வண்டியின் விலை சுமார் 120 கோடி ரூபாய்.

பயணத்துக்கு அருமையான வண்டிதான். ஆனால் முழுவதும் ஏ.சி.; பார்சல் பெட்டி கிடையாது. வியாபாரி போய்ச் சேருவார், அவர் சரக்கு போகாது.

2023 டிசம்பரில் ஓடத் தொடங்கிய அம்ரித் பாரத் வேறு ரகம். ஏ.சி. இல்லை. முன்னும் பின்னும் ஒவ்வொரு இன்ஜின். ஒன்று இழுக்க மற்றொன்று தள்ளுவதால் புறப்பட்டதும் வேகம் பிடிக்கும். முதலில் வந்த வண்டியின் 22 பெட்டிகளில் 12 ஸ்லீப்பர், 8 பொதுப்பெட்டி, 2 லக்கேஜ்-கார்டு பெட்டி. குலுக்கல் குறைவதற்கேற்ற இணைப்பும் உண்டு. சாதாரண வியாபாரியின் தேவைக்கு நெருங்கி வருவது இந்த வண்டியே.

பார்சலுக்கென்றே 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், குளிர்பதன வசதியும் கொண்ட மின்சாரச் சரக்கு வண்டி அமைக்கும் திட்டத்தை ரயில்வே 2022-ல் அறிவித்தது. பால்கோவா போன்ற கெட்டுப்போகும் பண்டத்துக்கு அது பேருதவியாகும்.

நாம் கேட்க வேண்டியவை

"புதிய வண்டி வேண்டும்" என்று மட்டும் மகஜர் எழுதினால் போதாது. எந்த ரக வண்டி, எத்தனை பொதுப்பெட்டி, ஜெனரேட்டர் பெட்டிக்குப் பதில் லக்கேஜ் பெட்டி உண்டா, ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பார்சல் ஏற்றி இறக்கப் போதிய நிமிடம் வண்டி நிற்குமா என்று விவரமாகக் கேட்க வேண்டும். ஓரிரு நிமிட நிறுத்தத்தில் எவ்வளவு பெரிய லக்கேஜ் அறை இருந்தும் பயனில்லை.

கூடவே நம் பங்கும் உண்டு. மாதம் எத்தனை பார்சல், எந்த ஊருக்கு, என்ன எடை என்று ஒவ்வொரு கடையும் கணக்கு வைத்துச் சங்கத்தில் கொடுக்கட்டும். வெறும் கோரிக்கையை விட, கணக்கோடு போகும் கோரிக்கைக்கே அதிகாரிகளிடம் மதிப்பு அதிகம்.