உஷார்! கழுத்தில் வைத்த டிஸ்க் ஆயுசுக்கும் அல்ல

கழுத்துவலி, கைமரப்பு என்று மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூரு ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் தங்கவயல்காரர்களே, “செயற்கை டிஸ்க் வைத்தால் ஆயுசுக்கும் கவலையில்லை” என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்!

ஆபரேஷனே மோசம் என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் 10 ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், எலும்பை இணைத்துவிடும் பழைய முறைக்குச் செயற்கை டிஸ்க் சளைக்கவில்லை. மறு ஆபரேஷனும் குறைவு. ஆனால் அந்த ஆய்வுகளில் எலும்புத் தேய்மானம் முற்றியவர்களையும் எலும்பு பலவீனமானவர்களையும் சேர்க்கவில்லை. சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த நம் பெரியவர்கள் பலர் அந்தக் கணக்குக்குள் வரவே மாட்டார்கள். சுரங்கத் தூசியில் நுரையீரல் கெட்டவர்கள், ஆபரேஷன் என்றால் அதை மயக்க டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இனிதான் முக்கியம். எம்6-சி என்றொரு டிஸ்க். இரண்டு டைட்டானியம் தகடு, நடுவே மெத்தென்ற பாலிமர், சுற்றிலும் இழை. 2019-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. ஐரோப்பாவில் அதற்கும் முன்பே புழக்கத்தில் இருந்தது. சில நோயாளிகளுக்கு, வருடங்கள் கழித்து உள்ளே இருந்த பாலிமர் தேய்ந்து, அந்தத் துகளால் சுற்றியுள்ள எலும்பு அரித்துப்போனது. டிஸ்க்கை வெளியே எடுக்க வேண்டி வந்தது. வலியே இல்லாமலும் இந்த அரிப்பு நடக்கும் என்பதுதான் பயங்கரம். 2025-ல் அந்த டிஸ்க்கையே கைவிடுவதாகத் தயாரிப்பு நிறுவனம் அறிவித்தது. வியாபார முடிவு என்றது. ஏற்கெனவே வைத்துக்கொண்டவர்கள் கதி? அவர்களாகப் போய்ப் பார்த்துக்கொண்டால்தான் உண்டு.

2001 பிப்ரவரி 28-ல் தங்கச் சுரங்கம் மூடியபின், சுரங்க நிர்வாகத்தின் சாம்பியன் ரீஃப் ஆஸ்பத்திரியை நம்பி இருந்த காலமும் போய்விட்டது. நம் பைலை நாம்தான் காப்பாற்ற வேண்டும். கம்பெனி பெயர், மாடல், லாட் நம்பர், சைஸ் அச்சடித்த சின்ன ஸ்டிக்கர் ஒன்று டிஸ்க்கோடு வரும். அதன் நகலைக் கேட்டு வாங்கி டிஸ்சார்ஜ் சம்மரியோடு வையுங்கள்; ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். வலி இல்லை என்பதற்காக எக்ஸ்ரே பரிசோதனையை நிறுத்தாதீர்கள். ஆபரேஷனுக்கு முன்பென்றால், “எனக்கு ஏன் எலும்பு இணைப்பு வேண்டாம், டிஸ்க் வேண்டும்?” என்று கேளுங்கள். நரம்பு நசுங்காத வெறும் கழுத்துவலிக்கு டிஸ்க் மாற்றச் சொன்னால், இன்னொரு டாக்டரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சட்டை பட்டன் போட வரவில்லையா? நடை தள்ளாடுகிறதா? செருப்பு நழுவுவது தெரியவில்லையா? சிறுநீர் அடக்க முடியவில்லையா? அது தண்டுவடம் நசுங்குவதாக இருக்கலாம். ஆபரேஷன் ஆனவரோ ஆகாதவரோ, வயசுக் கோளாறு என்று தள்ளிப்போடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்!