மூல ஆபரேஷனா? இதய மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்!

சம்பா அறுவடை முடிந்து, கையில் நாலு காசும் கொஞ்சம் ஓய்வும் கிடைக்கும் மாசி, பங்குனி மாதங்களில்தான் டெல்டா விவசாயிகள் பலர், தள்ளிப்போட்டு வந்த ஆபரேஷனுக்குத் தேதி வாங்குகிறார்கள். அந்த வரிசையில் மூல ஆபரேஷனும் உண்டு. ஏற்கெனவே மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருப்பவர் என்றால், வீட்டில் ஒரு பேச்சு கிளம்பும். ‘ரத்தத்தை இளக்குற மாத்திரை சாப்பிட்டா ஆபரேஷன்ல ரத்தம் நிக்காதாம். பத்து நாளைக்கு முன்னாடியே நிறுத்திடுங்க’ என்று யாராவது சொல்வார்கள். அவரும் நிறுத்திவிடுவார்.

உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடிய காரியம் இது. மூலம் அவசர நோயல்ல, பெரும்பாலும் காத்திருக்கும். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் இதயம் காத்திருக்காது.

மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்?

ஸ்டென்ட் என்பது, அடைத்துக்கொண்ட ரத்தக்குழாயை விரித்துப் பிடிக்கும் வலைக்குழாய். அதன்மீது உடலின் சொந்தத் திசு படர்ந்து மூடும்வரை, ரத்தம் அதை வெளிப்பொருளாகவே பார்த்து உறையப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரினும், கூடவே குளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலார் போன்ற இரண்டாவது மாத்திரையும் கொடுக்கப்படுகின்றன. மாத்திரை நின்றால் ரத்தம் அங்கே உறைந்து, வாய்க்கால் தூர்ந்து கடைமடை காய்வதுபோல இதயத்தசை ரத்தமின்றிச் செத்துப்போகும். ஆபரேஷன் நேரத்தில் ரத்தத்தின் உறையும் தன்மை இயல்பாகவே கூடும் என்பதால் ஆபத்து இரட்டிப்பு.

அதனால்தான், மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அவசரமில்லாத ஆபரேஷனை 12 மாதம் வரை தள்ளிப்போடச் சொல்கிறார்கள். மாரடைப்பு வராமல் அடைப்புக்காக மட்டும் வைத்தவர்களுக்குப் பொதுவாக 6 மாதம். ஸ்டென்ட் இல்லாமல் மருந்திலேயே மாரடைப்பிலிருந்து மீண்டவர்கள் குறைந்தது 60 நாள்கள் பொறுக்க வேண்டும்.

எந்த மாத்திரை, எத்தனை நாள்?

இதய மருத்துவர், அறுவை சிகிச்சை நிபுணர், மயக்க மருத்துவர் மூவரும் கலந்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. பொதுவான நடைமுறை இதுதான்.

* ஆஸ்பிரின்: ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பெரும்பாலும் நிறுத்துவதில்லை.
* குளோபிடோக்ரெல்: நிறுத்தலாம் என்று இதய மருத்துவர் சொன்னால் மட்டும், சுமார் 5 நாள்களுக்கு முன். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வதானால் 5 முதல் 7 நாள்கள்.
* வார்ஃபரின், அசிட்ரோம்: செயற்கை வால்வு வைத்தவர்கள் அதிகம் சாப்பிடும் மாத்திரைகள். சில நாள்களுக்கு முன் நிறுத்தி, ஐ.என்.ஆர் பரிசோதனை பார்ப்பார்கள். இடைப்பட்ட நாள்களுக்கு ஹெப்பாரின் ஊசி தேவைப்படலாம்.
* மெட்டோபிரோலால், அட்டெனோலால் போன்றவை: திடீரென நிறுத்தவே கூடாது. ஆபரேஷன் அன்று காலையிலும் ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கச் சொல்வார்கள்.
* டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை, இதய மாத்திரைகள்: வழக்கமாக 3 நாள்களுக்கு முன் நிறுத்தப்படும். இதைச் சாப்பிடுவதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஸ்டென்ட் வைத்தது ஓர் ஊரில், மூலத்துக்குக் காட்டுவது வேறோர் ஊரில் என்பது வழக்கம்தான். பழைய டிஸ்சார்ஜ் சீட்டு, ஆஞ்சியோ ரிப்போர்ட், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகள் ஆகியவற்றை ஒரு மஞ்சப்பையில் போட்டு அப்படியே எடுத்துச் செல்லுங்கள். ‘வெள்ளை மாத்திரை, ராத்திரிக்கு ஒண்ணு’ என்று சொன்னால் யாருக்கும் புரியாது.

மூலத்து ரத்தமும் இதயமும்

மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாகப் போகும் ரத்தம், ரத்தசோகையில் கொண்டுபோய் விடும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால், அதே அளவு ஆக்சிஜனைச் சேர்க்க இதயம் வேகமாக ஓட வேண்டும். ஏற்கெனவே அடைப்புள்ளவருக்கு, மண்வெட்டி பிடித்த பத்தாவது நிமிடமே நெஞ்சு பிசையும். ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடாமல் ரத்த அளவைப் பார்ப்பது முக்கியம். ஆபரேஷனுக்கு முன்பே இரும்புச்சத்து மாத்திரை அல்லது ஊசி கொடுத்து ரத்தத்தைக் கூட்டிக்கொள்வார்கள்.

இன்னொன்று, 45 வயதைத் தாண்டியவருக்கு ஆசனவாயில் ரத்தம் வந்தால் மூலம்தான் என்று முடிவுகட்டக் கூடாது. குடல் புற்றுநோயிலும் ரத்தம் வரும். தேவைப்பட்டால் கொலோனோஸ்கோபி செய்து பார்க்க வேண்டும்.

என்னென்ன பரிசோதனை?

ஈ.சி.ஜி., ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், சிறுநீரகப் பரிசோதனை ஆகியவை அடிப்படை. மூச்சுவாங்கல், கால்வீக்கம், வால்வுக் கோளாறு இருந்தால் எக்கோ. ‘இரண்டு மாடிப் படிகளை நிற்காமல் ஏற முடியுமா?’ என்றும் கேட்பார்கள். முடிந்தால் இதயம் ஓரளவு தாங்கும் என்று அர்த்தம். இதற்கு உண்மையான பதிலைச் சொல்லுங்கள். ரத்த அழுத்தம் 180/110க்கு மேல் இருந்தால், குறைத்த பிறகே ஆபரேஷன் செய்வார்கள்.

கத்தியில்லாமல் முடியுமா?

முதல், இரண்டாம் நிலை மூலத்துக்குப் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. நார்ச்சத்து உணவு, இசப்கோல், ஒரு நாளைக்குச் சில முறை வெதுவெதுப்பான நீரில் உட்காருவது, முக்காமல் மலம் கழிப்பது ஆகியவற்றிலேயே அடங்கும். அடங்காவிட்டால் ரப்பர் வளையம் போடுவார்கள். ஆனால், வளையம் உதிரும் 7 முதல் 14 நாள்களுக்குள் ரத்தம் கொட்ட வாய்ப்புண்டு என்பதால், ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

பேருந்து நிலையச் சுவர்களில் ‘மூலம், பௌத்திரம், ஒரே ஊசியில் குணம்’ என்று ஒட்டியிருப்பதை நம்பிப் போகக் கூடாது. என்ன மருந்து என்று தெரியாத ஊசி புண்ணாகிச் சீழ்பிடித்தால், இதய நோயாளியின் நிலை மோசமாகும்.

ஆபரேஷனுக்குப் பிறகு

வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் வாங்கிப் போடாதீர்கள். இதயத்துக்கு அவை நல்லதல்ல; டாக்டர் எழுதிக்கொடுத்ததை மட்டும் சாப்பிடுங்கள். நிறுத்திவைத்த இதய மாத்திரையை எந்தத் தேதியில் மறுபடி தொடங்குவது என்பதைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். டாக்டர் அனுமதிக்கும்வரை நெல் மூட்டை, மருந்துத் தெளிப்பான் சுமப்பதும் டிராக்டர் ஓட்டுவதும் வேண்டாம்.

நெஞ்சு இறுக்கம், இடது கை அல்லது தாடையில் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் 108க்கு அழைக்க வேண்டும்; ‘வாயு’ என்று சோடா குடித்துப் பார்க்கக் கூடாது. ரத்தம் நிற்காமல் போனாலும் உடனே மருத்துவமனைதான்.

வாசகர் கேள்விகள்

*வால்வு ஆபரேஷன் செய்து அசிட்ரோம் சாப்பிடுகிறேன். மூலத்துக்குத் துத்திக்கீரை சாப்பிடலாமா?*

கீரைகளில் உள்ள வைட்டமின் ‘கே’, இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். கீரையை அடியோடு விட வேண்டியதில்லை; வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டால் போதும். மூலத்துக்கென்று திடீரென தினமும் ஒரு கட்டுக் கீரை சாப்பிடத் தொடங்கினால் ஐ.என்.ஆர் குறைந்து, வால்வில் ரத்தம் உறையலாம். டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

*மலச்சிக்கலுக்கு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். என் அப்பாவுக்கு இதயம் பலவீனம். தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருக்கிறார் இதய டாக்டர். எதைக் கேட்பது?*

இதய டாக்டர் சொன்ன அளவைத்தான். அந்த அளவுக்குள் நார்ச்சத்தை எவ்வளவு கூட்டலாம், மலமிளக்கி எது கொடுக்கலாம் என்பதை அவரிடமே கேளுங்கள். ஆனால், மலச்சிக்கலை அப்படியே விடக் கூடாது. முக்கும்போது ரத்த அழுத்தம் ஏறி இறங்கும். பலவீனமான இதயத்துக்கு அது ஆகாது.

*தனியாரில் இதயப் பரிசோதனைக்குச் செலவு செய்ய வசதியில்லை. என்ன செய்வது?*

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஈ.சி.ஜி., எக்கோ இரண்டும் பார்க்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு கொண்டுசெல்லுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104 என்ற எண்ணில் கேட்கலாம்.