டிரெய்லர் வில்பட்டைப் புஷ்களை மாற்றும் முறை

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் மக்காச்சோளம், பருத்தி, கரும்பு முதலிய விளைபொருள்களைச் சுமக்கும் வேலையில் பெரும்பகுதியை டிராக்டர் டிரெய்லர்கள் ஏற்றுக்கொண்டு பல ஆண்டுகளாயின. இருசுக்கு மை போடாத கட்டை வண்டியில் பாரம் ஏற்றக் குடியானவர் எவரும் ஒப்பார். ஆயினும் டிரெய்லரின் வில்பட்டைப் புஷ்களைப் பற்றி, அவை தேய்ந்து ஓசையெழுப்பும் வரை பலரும் கவலை கொள்வதில்லை.

வில்லின் மேற்பட்டையின் இரு முனைகளும் வளையமாகச் சுருட்டப்பட்டிருக்கும். அவ்வளையத்துள் இறுக்கமாகப் பொருந்திய குழாய்த்துண்டே புஷ் ஆகும். அதனூடே செல்லும் பின் என்னும் இரும்பு முளை, வில்லைச் சட்டத்துடன் பிணைக்கிறது. விலை மிகுந்த வில்லும் சட்டமும் தேயாதிருக்கும்பொருட்டே, உராய்வு இச்சிறு துண்டின்மேல் விழும்படி அமைத்துள்ளனர். கரிசல் மண்ணும் சுண்ணாம்புக்கல் தூசியும் பழைய கிரீஸுடன் கலந்தால், அம்மசகே சாணைப்பொடி போலாகி உலோகத்தைத் தின்றுவிடும்.

தேய்மானத்தை அறிதல் எளிது. பாரமில்லாத டிரெய்லரில், வில்லின் முனைக்கும் சட்டத்திற்கும் இடையே கடப்பாரை கொடுத்து நெம்பினால், தேய்ந்த முனை முளையின்மேல் ஆடும். ஒரு பக்கம் மட்டும் மிகத் தேய்ந்தால் அச்சு கோணலாகி, டயர் ஒருபுறமாகத் தேயும். டிரெய்லர் டிராக்டரின் தடத்தை விட்டு ஒதுங்கியோடும். முளை முறிந்தால் பாரத்தோடு கவிழவும் கூடும்.

புஷ்ஷை வீட்டுக் களத்திலேயே மாற்றலாம். சமமான கெட்டித்தரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியால் சட்டத்தை உயர்த்தி, வில்லின்மேல் பாரம் நீங்கியவுடன், சட்டத்தையும் அச்சையும் உறுதியான இரும்புத் தாங்கிகளின்மேல் அமர்த்துக. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைவது உயிருக்கு ஆபத்து. செங்கல்லும் கருங்கல்லும் தாங்கிக்கு ஆகா, அவை திடீரெனப் பிளக்கும். ஒரு சமயத்தில் ஒரு பக்கத்து வில்லையே கழற்றினால் அச்சு இடம் பெயராது.

துருப்பிடித்த திருகாணிகளுக்கு முதல்நாள் மாலையே மண்ணெண்ணெய் விட்டு ஊறவைக்கலாம். முளையை நீக்கியபின், புஷ்ஷைவிட அகன்ற குழாயொன்றை வளையத்தின் ஒரு பக்கத்திலும், புஷ்ஷின் விளிம்பளவேயான வில்லையை மறுபக்கத்திலும் வைத்து, நீண்ட போல்ட்டை ஊடே செலுத்தி முடுக்கினால், பழைய புஷ் குழாய்க்குள் வந்துவிடும். புதியதையும் இவ்வாறே நேராக இழுத்துப் பொருத்துக. கிரீஸ் துளைகள் ஒன்றோடொன்று இணைய வேண்டும். நெருப்பால் வளையத்தைக் காய்ச்சலாகாது. வில்லின் பதம் கெட்டுவிடும். பழைய முளை தேய்ந்திருப்பின் அதனையும் மாற்றுக. இல்லையேல் அது புதிய புஷ்ஷையும் விரைவில் கெடுக்கும். சட்டத்தின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் பட்டறைக்குக் கொண்டுசெல்வதே தக்கது.

உலோகப் புஷ்ஷுக்குக் கிரீஸ் அவசியம். ரப்பர் புஷ்ஷுக்கோ எண்ணெயும் கிரீஸும் பகை. சோப்பு நீரே போதும். அதன் போல்ட்டை டிரெய்லர் தரையில் தன் கனத்தில் நின்ற பின்னரே இறுக்க வேண்டும். முன்னரே இறுக்கினால் ரப்பர் எப்பொழுதும் முறுகியே நின்று கிழியும்.

முடிவில், சட்டத்தின் முன்முனை நடுவில் அடையாளமிட்டு, அங்கிருந்து அச்சின் இரு முனைகளுக்கும் கயிறு பிடித்து அளக்குக. அளவுகள் ஒத்திருப்பின் அச்சு நேராயுள்ளது. முதற் பாரம் இறக்கியபின் திருகாணிகளை மறுபடியும் முடுக்கிப் பார்க்க வேண்டும்.

எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் பருவத்தில் ஓய்வு கிடைப்பது அரிது. ஆகையால் இவ்வேலையை அரவைக்கு முன்னரே முடித்தல் நலம். பருத்தியெடுப்பு முடிந்து மாலையில் கூலிப்பெண்கள் டிரெய்லரின்மேல் ஏறி வீடு திரும்பும் வழக்கத்தையும் கிராம அதிகாரிகளும் நிலமுடையோரும் தடுத்தல் வேண்டும். கவிழ்ந்த மூட்டையைத் திரும்ப ஏற்றலாம். இழந்த உயிரை மீட்டல் இயலாது.