பென்ஸின் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்கலாம், வாங்க!

ஒரு பென்ஸ் எம்.எல். லிஃப்டில் ஏறி நிற்கும்போது அதற்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? வாழ்க்கையில் ஒரு முறையாவது பார்த்துவிடுங்கள்! சாலையில் நம் கண்ணுக்குப் படுவதெல்லாம் மூக்கில் மின்னும் நட்சத்திரமும் பளபளக்கும் பெயின்ட்டும்தான். அடியில் நின்றால்தான் அசல் வண்டி தெரியும். ஏழு கியர்களை அடக்கிய ஆட்டோமேட்டிக் பெட்டி, நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்னும் பின்னும் ஓடும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், இரண்டு டன்னுக்கு மேற்பட்ட எடையைத் தூக்கிச் சுமக்கும் சஸ்பென்ஷன் ஆர்ம்கள், அவற்றுக்கு நடுவே ஓடும் மெல்லிய காற்றுக் குழாய்கள். பார்த்துக்கொண்டே இருக்கலாம்!

வயதான சொகுசு எஸ்யூவிகளை வைத்தியம் பார்க்கும் சென்னை ஷெட் ஒன்றின் ஷட்டருக்குப் பின்னால்தான் இன்றைக்கு நம் உலா. ‘பழைய பென்ஸை வாங்கினால் சொத்தையே விற்கணும்’ என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு அல்லவா? எந்தப் பாகம் கெடுகிறது, ஏன் கெடுகிறது, பில் எங்கே ஏறுகிறது என்று திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிடுவோம்.

இவர்தான் நாயகர்

லிஃப்டில் நிற்பவர் டபிள்யூ 164 தலைமுறை எம்.எல். பெயர் ஜெர்மன், பிறப்பு அமெரிக்கா! அலபாமா மாநிலத்தில் டஸ்கலூசா அருகே உள்ள ஆலையில் 2005 முதல் 2011 வரை உருவான வண்டி. பானெட்டுக்குள் இருப்பது ஓ.எம். 642 டீசல் எஞ்சின். 2,987 சிசி, வி வடிவில் ஆறு சிலிண்டர்கள். 320 சிடிஐ மாடலில் டார்க் 510 நியூட்டன் மீட்டர். ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தினால் போதும், முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும்! இதே எஞ்சின் குடும்பம் இ கிளாஸ், எஸ் கிளாஸிலிருந்து ஸ்பிரின்டர் வேன், ஜீப் கிராண்ட் செரோக்கி வரை ஓடியிருக்கிறது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் உழைப்பாளி.

புதிதாக வந்தபோது பணக்காரர்கள் மட்டுமே வாங்க முடிந்த வண்டி. இன்றைக்குப் பழைய வண்டிச் சந்தையில் ஒரு புதிய சின்ன கார் விலைக்கே கிடைக்கிறது. வண்டியின் விலைதான் இறங்கியிருக்கிறது, பாகங்களின் விலை இறங்கவில்லை. அதுதான் இந்தக் கதையின் முதல் முடிச்சு.

பள்ளத்துக்குள் ஒரு குளம்

இப்போது டார்ச்சை வாங்கிக்கொள்ளுங்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து ஆயில் சொட்டுகிறது. பார்த்தவுடன் எல்லோரும் சொல்வது, “கிராங்க் ஷாஃப்ட் பின் சீல் போயிடுச்சு.” அதை நம்பி கியர்பாக்ஸை இறக்கி, அந்த சீலை மாற்றி, திரும்ப ஏற்றி, மறுநாள் காலையில் பார்த்தால் அதே இடத்தில் அதே சொட்டு!

“பின்னாடி பார்க்காதீங்க சார், மேல பாருங்க” என்கிறார் மெக்கானிக் அண்ணன். “வி பள்ளத்துக்குள்ள டார்ச் அடிங்க. குளம் கட்டியிருக்கும்!”

ஆமாம், கட்டியிருக்கிறது! இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே உள்ள பள்ளத்தின் தரையில்தான் ஆயில் கூலர் படுத்திருக்கிறது. எஞ்சின் ஆயிலின் சூட்டைக் கூலன்ட்டுக்கு மாற்றிவிடும் ஒரு சின்ன உலோகப் பெட்டி. அதற்கு அடியில் ஆயில் போய்வரும் வழிகளில் இரண்டு ரப்பர் சீல்கள். வருடக்கணக்கில் சூட்டில் வெந்து, அவை இறுகி, சப்பையாகி, பிடிப்பை விட்டுவிடுகின்றன. கசிந்த ஆயில் பள்ளத்தில் தேங்கி, நிறைந்ததும் பின்பக்கமாக வழிந்து, கியர்பாக்ஸ் முகப்பில் இறங்கிச் சொட்டுகிறது. பின் சீல் பாவம், பழியை மட்டும் சுமக்கிறது.

அந்த இரண்டு சீல்களின் விலை? அமெரிக்காவில் 30 டாலருக்குள் முடிந்துவிடும். அவற்றை மாற்றும் வேலைக்கு? 2,000 டாலரிலிருந்து 4,000 டாலர் வரை! ஏனென்றால் கூலருக்கு மேலேதான் டர்போ, அதன் பீடம், இன்டேக் மேனிஃபோல்டு, இஜிஆர் குழாய்கள், டீசல் லைன்கள் எல்லாம் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கின்றன. அத்தனையையும் கழற்றி, வேலையை முடித்து, திரும்பப் பூட்ட 12 முதல் 20 மணி நேரம் ஆகும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் முன்னோர் சொன்னது இந்த எஞ்சினுக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது. நம்மூரில் கூலி குறைவுதான். ஆனாலும் கேஸ்கெட், ஆயில், கூலன்ட், கூடவே மாற்றும் சில்லறைப் பாகங்கள் எல்லாம் சேர்ந்து பில் லட்சத்தை எட்டிப் பார்த்துவிடும்.

அந்த வேலையைக் கிட்ட நின்று பார்ப்பது தனி சுகம்! ஓர் அட்டைப் பெட்டியின் மூடியில் மேனிஃபோல்டின் உருவத்தைப் பேனாவால் வரைந்து வைத்திருக்கிறார்கள். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் அது இருந்த இடத்திலேயே அட்டையில் குத்தி வைக்கிறான் உதவியாளர் பையன். நீளப் போல்ட் எது, குட்டை எது என்று பூட்டும்போது தடுமாற்றமே வராது. மேனிஃபோல்டு தூக்கப்பட்டதும் முதல் வேலை, திறந்து கிடக்கும் போர்ட்டுகளைச் சுத்தமான துணியால் அடைப்பது. ஒரே ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் போதும், எஞ்சினைத் திறக்க வேண்டிவரும்.

“அண்ணே, தூக்கவா?”

“இரு தம்பி, பக்கத்துல துணி போடு முதல்ல.”

கூலர் மேலே வருகிறது. அடியில் பழைய சீல், ஆரஞ்சு நிறத்தில், தட்டையாக, நகத்தால் அழுத்தினால் திரும்பி எழும்பாத அளவுக்குச் செத்துப்போய்! புது சீலின் நிறம் ஊதா. சூட்டையும் ஆயிலையும் கூடுதலாகத் தாங்கும் வைட்டான் ரப்பரில், பின்னாளில் மாற்றிக் கொடுத்த வடிவம் அது. பழைய வண்டி ஒன்றின் பள்ளத்துக்குள் ஊதா எட்டிப் பார்த்தால், ‘இந்த வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது’ என்று அர்த்தம். வாங்க வருபவருக்கு இதைவிட இனிப்பான செய்தி கிடையாது!

கசியும் வளையம், சாகும் மோட்டார்

பள்ளத்தை விட்டு வெளியே வருவதற்குள் இன்னொரு வளையத்தையும் பார்த்துவிடுவோம். டர்போவுக்குள் காற்று நுழையும் வாயில் ஒரு சீல் இருக்கிறது. எஞ்சின் மூச்சுவிடும்போது வெளிவரும் ஆயில் ஆவியும் அந்த வழியாகத்தான் வருகிறது. சீல் இறுகினால் ஆயில் துளித்துளியாகக் கசியும். அந்தத் துளிகள் விழும் இடத்தில் இன்டேக் மேனிஃபோல்டில் காற்றைச் சுழற்றிவிடும் ஸ்வர்ல் மடல்களைத் திறந்து மூடும் சின்ன மின்மோட்டார் உட்கார்ந்திருக்கிறது! ஆயிலில் குளித்துக் குளித்து ஒருநாள் அது நின்றுவிடும். உடனே செக் எஞ்சின் விளக்கு எரியும், வண்டி இழுவை குறைந்து தள்ளாடும்.

சில நூறு ரூபாய் வளையத்தைக் கவனிக்காமல் விட்டதற்குத் தண்டனை பல ஆயிரம் ரூபாய் மோட்டார். சில இடங்களில் மோட்டாருக்குப் பதில் ஒரு ரெசிஸ்டரைச் செருகி கம்ப்யூட்டரை ஏமாற்றிவிடுவார்கள். விளக்கு அணையும், நோய் போகாது. ஆயில் கூலர் வேலைக்கு எப்படியும் இந்த வழியாகத்தான் போகப்போகிறோம். அப்போதே இந்த வளையத்தையும் மாற்றி, போர்ட்டுகளில் கெட்டியாகப் படிந்த கரியையும் சுரண்டி எடுத்துவிட்டால் சுமைகூலி ஒரே தடவையோடு முடிந்துபோகும்.

காற்றில் மிதக்கும் இரண்டு டன்

இப்போது வண்டியின் நான்கு மூலைகளுக்கு வாருங்கள். ஏர்மேட்டிக்! இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் பைக்குள் அடைத்த காற்று இந்த வண்டியைத் தூக்கி நிறுத்துகிறது. முன்பக்கம் ஏர் ஸ்பிரிங்கும் டேம்ப்பரும் ஒரே ஸ்ட்ரட்டாக வரும். பின்பக்கம் காற்றுப்பை தனி, டேம்ப்பர் தனி. எல்லா எம்.எல்.லிலும் இது கிடையாது. இருக்கும் வண்டியில் ஏறிப் போனால் ஸ்பீடு பிரேக்கரே தெரியாது!

வண்டி லிஃப்டில் இருக்கும்போது ரப்பர் பையின் மடிப்பு முழுதாக விரியும். அங்கேதான் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். மெல்லிய வெடிப்புகள் கோடுகோடாக ஓடுகின்றன. சோப்புத் தண்ணீரைத் தெளித்ததும் ஒரு வெடிப்பில் குமிழ்கள் புஸ்ஸென்று கிளம்புகின்றன. மாட்டிக்கொண்டது!

இதற்கப்புறம் நடப்பது ஒரு தொடர்கதை. பையில் காற்று இறங்குவதால் கம்ப்ரஸர் அடிக்கடி ஓடும். அடிக்கடி ஓடுவதால் அதன் ரிலே சூடாகி ஒட்டிக்கொள்ளும். ரிலே ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடி எரிந்துபோகும். அசல் முன் ஸ்ட்ரட் ஒன்றின் விலை லட்சத்தை ஒட்டி நிற்கும். வெளிச்சந்தை ஸ்ட்ரட் அதில் பாதிக்கும் கீழே கிடைக்கும். கம்ப்ரஸருக்குப் பல ஆயிரம். ரிலேவுக்கோ ஆயிரத்துச் சொச்சம்தான்! கம்ப்ரஸரை மாற்றும்போது ரிலேவையும் சேர்த்தே மாற்றுங்கள் என்று இந்த ஷெட்டில் தலைகீழாக நின்று சொல்கிறார்கள்.

காலையில் வண்டியைக் கிளப்பும் முன் ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருக்கிறதா? அது பை கசிவதற்கான முதல் தந்தி. ஒரு வாரம் தள்ளிப்போட்டால் ஒரு பில் இரண்டு பில் ஆகும்.

கியர்பாக்ஸும் மழைத் தண்ணீரும்

ஏழு கியர் பெட்டிக்குள் கண்டக்டர் பிளேட் என்று ஒன்று உண்டு. கியர்பாக்ஸின் கம்ப்யூட்டரும் வேக சென்சார்களும் அதில் ஒன்றாகப் பதிந்து, சூடான ஆயிலுக்குள்ளேயே வாழ்கின்றன. ஒரு சென்சார் செத்தால் வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொண்டு நகரும். இது திருட்டுத் தடுப்புப் பட்டியலில் உள்ள பாகம். வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொடுத்துத்தான் புதிதாக வாங்க முடியும், வண்டியோடு கோடிங் செய்தால்தான் வேலை செய்யும். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டையில் பாகம் ஒன்று கைக்கு வந்தாலும் அப்படியே மாட்டி ஓட்டிவிட முடியாது. கதவுக் கைப்பிடி, கண்ணாடி, விளக்கு வாங்கத்தான் புதுப்பேட்டை சொர்க்கம்!

அடுத்த எதிரி தண்ணீர். சன்ரூஃப் சட்டத்தின் மூலைகளிலிருந்து மழைநீரை வெளியேற்ற மெல்லிய குழாய்கள் இறங்குகின்றன. மரத்தடியில் நிறுத்தும் வண்டியில் இலைத் தூளும் புழுதியும் அவற்றை அடைத்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் கூரைத் துணிக்குள் இறங்கி, பின்பக்க டிக்கியின் வலது பக்கப் பேனலுக்குள் இருக்கும் சாம் எனும் மின்கட்டுப்பாட்டுப் பெட்டிவரை போய்விடும். பின் விளக்கு தானாக எரியும், கதவு பூட்டாது, பேட்டரி இறங்கும். மெல்லிய நைலான் நரம்பை விட்டு அடைப்பை எடுத்தால் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். ஆனால் ஏர் கன்னால் முழு வேகத்தில் ஊதக் கூடாது. உள்ளே குழாய் கழன்றுகொண்டால் தண்ணீர் நேராகக் கார்ப்பெட்டுக்குத்தான் வரும்.

சஸ்பென்ஷன் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், பிரேக் டிஸ்க், பேட் எல்லாம் இந்த எடைக்கு வழக்கமாகத் தேய்பவை. அவற்றில் ரகசியம் எதுவும் இல்லை. பெட்ரோல் மாடல் பார்ப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். ஆரம்ப கால எம் 272 வி6 எஞ்சின்களில் பேலன்ஸ் ஷாஃப்ட் பல்சக்கரம் சீக்கிரம் தேயும். மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டும். எஞ்சின் எண்ணைச் சரிபார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

வாங்கலாமா?

ஷெட்டைச் சுற்றி வந்துவிட்டோம். இந்த வண்டியின் பயமுறுத்தும் பில்கள் பலவும் சின்ன, மலிவான விஷயத்திலிருந்து தொடங்குகின்றன: ஒரு சீல், ஒரு வளையம், ஒரு ரிலே, ஒரு அடைப்பு. நாம் முந்திக்கொண்டால் பெரும்பாலும் குறைந்த செலவில் முடியும். அவை முந்திக்கொண்டால் லட்சத்தில் நிற்கும். பாகத்தின் விலையை மட்டும் கேட்டு மதிப்புப் போடாதீர்கள். அந்தப் பாகத்தை எட்ட எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள்.

பார்க்கப் போகும்போது இதைச் செய்யுங்கள். முந்தைய இரவே வண்டியை சமதளத்தில் நிறுத்தச் சொல்லி, காலையில் நான்கு மூலை உயரத்தையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். வி பள்ளத்துக்குள் டார்ச் அடியுங்கள். டிக்கியின் வலது பேனலுக்குள் ஈரமோ துருவோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பென்ஸ் ஸ்கேனரில் முழு வண்டியையும் வாசித்துப் பதிவை வாங்குங்கள். கியர்பாக்ஸ் ஆயில் எப்போது மாறியது என்று பில்லோடு கேளுங்கள். இத்தனைக்கும் அரை நாள் போதும்.

வண்டி விலைக்கு மேல், முதல் வருட வைத்தியத்துக்கு என்று இரண்டு மூன்று லட்சத்தைத் தனியாக எடுத்து வைக்க முடிகிறதா? அப்படியென்றால் தைரியமாக வாங்குங்கள். அந்த எஞ்சினின் இழுவைக்கும் காற்றில் மிதக்கும் பயணத்துக்கும் அந்தப் பணம் தகும். முடியவில்லையா? சேரும்வரை பொறுத்திருங்கள். கையில் இருப்பதை எல்லாம் வழித்துப் போட்டு வாங்கும் வண்டி மட்டும் இதுவாக இருக்க வேண்டாம்.