வெள்ளைச் சுவர் தின்ற மாம்பழம்

கோவிந்தாபுரத்துக் கண்ணே, நல்ல கேள்வி கேட்டாய்! உன் அறைக்கு அண்ணன் கருநீலப் பெயிண்ட் கேட்கிறான். பாட்டிக்குச் சுண்ணாம்பு வெள்ளைதான் வேண்டுமாம். "வெள்ளை அடித்தால் மட்டும் அறை ஏன் பளிச்சென்று ஆகிறது, மாமா?" என்கிறாய்.

முதலமடை மாந்தோப்புகள் உன் வீட்டுப் பக்கம்தானே? ஜன்னல் வழியே வரும் வெளிச்சத்தை 100 மாம்பழம் என்று வைத்துக்கொள்.

வெள்ளைச் சுவர் அதில் சுமார் 20 பழத்தைத் தின்றுவிட்டு, 80ஐ எதிர்ச்சுவருக்கு எறியும். அது 64ஐ எறியும். மூன்றாவது சுவர் 51ஐ எறியும். பந்து விளையாட்டு மாதிரி!

கருநீலம் பெரிய தீனிக்காரன். நூற்றில் 10 பழம்தான் திரும்பும். அடுத்த சுவரில் 1. மூன்றாவதில் ஒரு பழத்தின் பத்தில் ஒரு துண்டு!

கொஞ்சம் நில். விரல் விட்டு எண்ணிப் பார். ஒரு சுவரில் வித்தியாசம் 8 மடங்கு. மூன்று சுவர் தாண்டினால் 500 மடங்குக்கும் மேல். புரிந்ததா? சபாஷ்!

தின்ற ஒளி எங்கே போகிறது? சூடாக மாறுகிறது. அதற்காகக் கருநீல அறை கொதித்துவிடாது. வெயில் நேராக அடிப்பது கூரையிலும் வெளிச்சுவரிலும்தான். சூட்டைக் குறைக்க அங்கேதான் வெள்ளை அடிக்க வேண்டும்.

சுண்ணாம்பு அடித்த அன்று சுவரைப் பார்த்திருக்கிறாயா? ஈரமாக இருக்கும்போது மங்கலாக இருக்கும். துகள்களுக்கு நடுவே நீர் நிற்பதால் ஒளி உள்ளே நழுவிப் போய்விடும். காய்ந்ததும் நீர் இருந்த இடத்தில் காற்று புகும். அப்போது ஒளி துகளுக்குத் துகள் மோதி வெளியே சிதறும். அதுதான் அந்த வெளுப்பு! எனக்கு இன்றும் அலுக்காத காட்சி இது. அப்புறம் சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்லக் கல்லாக இறுகும்.

அண்ணனை ஏமாற்ற வேண்டாம். ஜன்னல் இருக்கும் சுவரை அவனுக்குக் கொடு. ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் நேரே விழாது. அங்கே கருநீலம் அடித்தால் நஷ்டம் குறைவு. மற்ற மூன்றும் பாட்டிக்கு.

நம்பிக்கை வரவில்லையா? இரண்டு மாம்பழ அட்டைப்பெட்டி எடு. ஒன்றின் உள்ளே வெள்ளைத் தாள் ஒட்டு, மற்றதில் கருநீலத் தாள். இரண்டிலும் ஒரே அளவில் ஒரு ஜன்னல் வெட்டு. எட்டிப் பார்க்க ஒரு சின்ன ஓட்டையும் போடு. ஒரே மாதிரி இரண்டு சீட்டில் உன் பெயரை எழுதி, பெட்டிக்கு ஒன்றாக உள்ளே மூலையில் ஒட்டி வை. பார்த்துக்கொண்டே ஜன்னலை ஓர் அட்டையால் மெதுவாக மூடு. எந்தப் பெட்டியில் உன் பெயர் முதலில் மறைகிறது? எனக்கு எழுது, கண்ணு.