உணவகத்தின் பட்டியலும் உழவரின் வயலும்

தாம்பரத்தைக் கடந்து தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர் வழியே போகிறவர் எவரும் ஒரு மாறுதலைக் காணாதிருக்க இயலாது. 1985-ஆம் ஆண்டில் உயிரியல் பூங்கா சென்னை நகரிலிருந்து இவ்விடத்திற்கு மாற்றப்பட்டது முதல் விடுமுறை நாட்களில் இங்கே மக்கள் கூடி வந்தனர். 2023 டிசம்பர் 30-ஆம் நாள் அருகிலுள்ள கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து நிலையம் திறக்கப்பட்டதன் பின்னர், தென் மாவட்டங்களுக்குச் செல்வோரும் அங்கிருந்து வருவோரும் நாள்தோறும் பெருந்திரளாக இவ்வழியே கடந்து போகின்றனர். மக்கள் நிற்கும் இடத்தில் அடுப்பு எரியும் என்பது பழைய உண்மை. ஆனால் இன்று இச்சாலையில் எரியும் அடுப்புகளுள் பல, தனி ஒருவருடைய அடுப்புகள் அல்ல. ஒரே பெயர்ப்பலகை, ஒரே உணவுப் பட்டியல், ஒரே சுவை ஆகியவற்றுடன் பல ஊர்களில் நடைபெறும் சங்கிலி உணவகங்களின் கிளைகள் அவை.

உண்பவருக்கு அது பசி தீர்க்கும் இடம். நெல்லும் உளுந்தும் காய்கறியும் விளைவிக்கும் நமக்கோ அது சரக்குக் கொள்முதல் செய்யும் இடம். ஆகவே அங்குள்ள உணவுப் பட்டியல் எவ்வாறு மாறி வருகிறது, அம்மாறுதல் நம்மை எவ்வாறு தொடுகிறது என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நன்று.

சங்கிலி உணவகம் என்பது யாது?

நெசவாளர் நண்பர்களுக்கு இதை விளக்குவது எளிது. 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்தின் விற்பனை நிலையங்கள் பல ஊர்களில் உள்ளன. எந்த ஊர் நிலையத்தில் சேலை வாங்கினாலும் தரம் இன்னதென்று வாங்குவோர் நம்புகின்றனர். நம்பிக்கையை விற்பதே சங்கிலிக் கடையின் உயிர்நிலை. உணவகத்திலும் அப்படியே. வண்டலூரில் உண்ட வடையும் திருச்சியில் உண்ணும் வடையும் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கு மாவின் பக்குவம், எண்ணெயின் சூடு, பரிமாறும் அளவு யாவும் எழுதி வைக்கப்படுகின்றன. பல நிறுவனங்கள் மையச் சமையற்கூடத்தில் அரைத்தும் கலந்தும் கிளைகளுக்கு அனுப்புகின்றன. சில நிறுவனங்கள் கிளையைத் தாமே நடத்தாமல், தம் பெயரைப் பயன்படுத்தும் உரிமையைப் பிறருக்குக் கட்டணத்தின் பேரில் அளிக்கின்றன.

சுவை ஒன்றாக இருக்க வேண்டுமானால் சரக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். விவசாயியின் கதை இவ்விடத்தில்தான் தொடங்குகிறது.

பட்டியல் சுருங்கியதும் விரிந்ததும்

அமெரிக்காவில் மெக்டொனால்ட் சகோதரர்கள் 1948-ஆம் ஆண்டில் தம் உணவகத்தின் நீண்ட பட்டியலை ஒன்பது பண்டங்களாகச் சுருக்கினர். பண்டங்கள் குறைந்தமையால் வேலை விரைந்தது, விலை தாழ்ந்தது, கூட்டம் பெருகியது. துரித உணவுத் தொழிலுக்கு இதுவே அடிப்படையாயிற்று.

நம் நாட்டில் பட்டியல் வேறு வழியே சென்றது. இட்லியும் தோசையும் இயல்பிலேயே துரித உணவுகள். முதல் நாள் மாலையில் அரைத்த மாவு, மறுநாள் காலையில் சில நிமிடங்களில் உணவாகிவிடுகிறது. இந்த வசதியின் மேல்தான் சென்னையின் உடுப்பி உணவகங்கள் எழுந்தன. கே. கிருஷ்ண ராவ் 1938-இல் இராயப்பேட்டையில் தொடங்கிய உட்லண்ட்ஸ் அவற்றுள் புகழ்பெற்றது. 1962-இல் கதீட்ரல் சாலையில் அந்நிறுவனம் திறந்த உணவகத்தில், மக்கள் தம் காரில் அமர்ந்தவாறே சிற்றுண்டி அருந்தினர். அவ்வுணவகம் 2008-இல் மூடப்பட்டது. அது இருந்த நிலத்தில் 2010-இல் செம்மொழிப் பூங்கா அமைந்தது. 1981-இல் கலைஞர் கருணாநிதி நகரில் தோன்றிய சரவண பவன் பின்னர்க் கடல் கடந்தும் கிளைகள் கண்டது. இத்தகைய உணவகங்கள் இட்லி, வடை, பொங்கலோடு நில்லாமல் காலப்போக்கில் சோளா பூரியையும் வறுத்த சோற்றையும் பட்டியலில் சேர்த்துக் கொண்டன.

அயல்நாட்டுச் சங்கிலிகள் 1990-களின் நடுவில் வந்தன. கே.எப்.சி. 1995-இல் பெங்களூரிலும், மெக்டொனால்ட்ஸ் 1996-இல் தில்லியிலும் முதற்கிளையைத் திறந்தன. வந்தவை தம் பட்டியலை அப்படியே கொண்டு வர இயலவில்லை. மெக்டொனால்ட்ஸ் தனக்கு உலகெங்கும் பெயர் தந்த மாட்டிறைச்சியை இங்கே விலக்கியது. உருளைக்கிழங்கு வடையை ரொட்டியின் நடுவே வைத்து விற்றது. சைவ உணவுக்குத் தனிச் சமையலிடம் அமைத்தது. வாடிக்கையாளரின் வழக்கத்திற்கு எத்துணைப் பெரிய நிறுவனமும் பணிந்தே தீர வேண்டும் என்பதற்கு இது சான்று.

பட்டியல் வயலை ஆள்கிறது

வாடிக்கையாளர் பட்டியலை மாற்றுகிறார்; பட்டியல் வயலை மாற்றுகிறது. இட்லியையே எடுத்துக் கொள்வோம். இட்லிக்கு ஏற்றது குண்டு அரிசி. ஏ.டி.டி. 37, ஏ.எஸ்.டி. 16 போன்ற நெல் ரகங்கள் இதற்கு உதவுகின்றன. சாப்பாட்டுக்குச் சன்ன ரகம் விரும்பப்படும் இந்நாளில், இட்லி விற்கும் கடைகள் இருப்பதனாலேயே குண்டு ரகத்திற்கும் ஒரு சந்தை நிலைத்திருக்கிறது.

உருளைக்கிழங்கு வறுவலின் நிலை இதனினும் கடுமையானது. நீளமான கிழங்கு வேண்டும். அதில் உலர்பொருள் மிகுந்தும் சர்க்கரை குறைந்தும் இருக்க வேண்டும். சர்க்கரை மிகுந்தால் எண்ணெயில் இட்டதும் வறுவல் கறுத்துவிடும். மிகுந்த குளிரில் இருப்பு வைத்தாலும் கிழங்கில் சர்க்கரை ஏறும். நாம் குழம்புக்கு வாங்கும் கிழங்கு இதற்கு உதவாது. ஆதலால் கனடா நாட்டு மெக்கெய்ன் நிறுவனம் குஜராத்தின் மெஹ்சாணா மாவட்டத்தில் ஆலை நிறுவி, அப்பகுதி விவசாயிகளோடு ஒப்பந்தம் செய்து, தனக்கு வேண்டிய ரகங்களைப் பயிரிடச் செய்தது. வேண்டப்பட்ட ரகத்தை விளைவித்தவர்களுக்கு முன்கூட்டியே பேசிய விலை கிடைத்தது. ஆனால் அந்த ரகத்திற்கு ஆலையே தலையாய வாடிக்கையாளர். ஆலை வேண்டாமென்றால் அதைக் கொண்டு போய் விற்க வேறிடம் அரிது.

தக்காளியின் கதை நம் நினைவில் இன்னும் பசுமையாக உள்ளது. 2023 ஜூலையில் தக்காளியின் விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. வடக்கு, கிழக்கு மாநிலங்களின் மெக்டொனால்ட்ஸ் உணவகங்கள் பலவற்றில், தகுந்த தரத்தில் தக்காளி கிடைக்கவில்லை என்று அறிவிப்பு வைத்து, அதைப் பட்டியலிலிருந்தே நீக்கினர். அதே மாதத்தில் தமிழ்நாட்டில் கூட்டுறவுத் துறையின் பண்ணைப் பசுமைக் கடைகளிலும் சென்னை நியாயவிலைக் கடைகள் 82-லும் தக்காளி கிலோ 60 ரூபாய்க்கு விற்கப்பட்டது. ஒன்று சரக்கைக் கைவிட்டது. மற்றொன்று சரக்கைத் தேடிக் கொணர்ந்து கொடுத்தது. செப்டம்பரில் விலை சரிந்தபோது, மகாராஷ்டிரத்தில் பறிப்புக் கூலிக்கும் கட்டாமல் விவசாயிகள் தக்காளியைக் கைவிட நேர்ந்தது. விலை ஏறும்போது பட்டியலிலிருந்து நீங்கும் பண்டம், விலை இறங்கும்போது விவசாயியின் தோளில் சுமையாக நிற்கிறது என்பதை நாம் மறத்தலாகாது.

நல்ல செய்தியும் ஒன்றுண்டு. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் மேற்கு, தென்னிந்திய மெக்டொனால்ட்ஸ் நிறுவனம், மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் துணையுடன், கம்பு, கேழ்வரகு, சோளம், பனிவரகு, வரகு ஆகியவை கலந்த ரொட்டியைப் பட்டியலில் சேர்த்தது. நம் பாட்டிமார் களியாகவும் கூழாகவும் உண்டதை இன்று பேரன்மார் ரொட்டியாக உண்கின்றனர். மானாவாரி நிலமுடையோர் இதைக் கவனித்தல் வேண்டும்.

பாவும் கூலியும், குஞ்சும் கூலியும்

ஒப்பந்த முறையின் நன்மை தீமைகளைக் கோழிப்பண்ணையில் தெளிவாகக் காணலாம். சங்கிலி உணவகத்துக்கு ஒரே எடையும் ஒரே வயதும் உடைய கோழிகள் இடைவிடாது வேண்டும். கோவை, திருப்பூர் வட்டாரங்களில் 1990-களில் பரவிய ஒப்பந்த முறை இத்தகைய தேவைக்கு ஏற்றது. நிறுவனம் குஞ்சும் தீவனமும் மருந்தும் தரும். விவசாயி கொட்டகையும் தண்ணீரும் மின்சாரமும் உழைப்பும் தந்து, வளர்ப்புக் கூலி பெறுவார். கோழி நிறுவனத்தினுடையது, கொட்டகைக் கடன் விவசாயியினுடையது.

காஞ்சிபுரத்து நெசவாளர் எவருக்கும் இது புதிதாகத் தோன்றாது. பெரிய முதலாளி பாவும் ஊடையும் சரிகையும் கொடுப்பார். நெசவாளர் தறியும் உழைப்பும் தந்து கூலி பெறுவார். சந்தை வீழ்ந்தால் நட்டம் முதலாளியைச் சேரும் என்பது மெய்யே. ஆயினும் பாவு வராத மாதத்தில் பசி நெசவாளரையே சேரும். அந்நிலையிலிருந்து விடுபடவே நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. வளர்ப்புக் கூலியை உயர்த்துமாறு கோழி விவசாயிகள் மீண்டும் மீண்டும் கோரி வருவதைக் காணும்போது, தறியில் கற்ற பாடம் கொட்டகைக்கும் பொருந்தும் என்பது விளங்கும்.

ஒப்பந்தமே தீது என்று கூறுவது இக்கட்டுரையின் கருத்தன்று. ஒப்பந்தப் பண்ணையத்திற்கெனத் தனிச் சட்டத்திற்கு 2019-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மாநிலம் தமிழ்நாடு. சட்டம் இருப்பது துணை. அதைப் படித்தறிந்து கையெழுத்திடுவது நம் கடமை.

சங்கிலியைப் பிடித்திருக்கும் கை

சங்கிலி முறை பெருமுதலாளிகளுக்கு மட்டுமே உரியதென்று எண்ண வேண்டியதில்லை. காபி வாரியம் நடத்திவந்த இந்தியன் காபி ஹவுஸ்கள் 1950-களில் மூடப்பட்டு, ஊழியர்கள் வேலையிழந்தனர். ஏ. கே. கோபாலனின் வழிகாட்டலில் அவ்வூழியர்களே 1957 ஆகஸ்டில் பெங்களூரில் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கடையை ஏற்று நடத்தினர். அதைத் தொடர்ந்து பிற மாநிலங்களிலும் சங்கங்கள் தோன்றின. கேரளத்தின் காபி ஹவுஸ்களில் மசாலா தோசைக்குள் பீட்ரூட் கலந்த சிவந்த மசாலாவை இன்றும் காணலாம். தொழிலாளரே உரிமையாளராக இருந்தும், ஒரு பெயரும் ஒரு சுவையும் அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்து நிற்க முடியும் என்பதற்கு அவை சாட்சி.

சென்னை மாநகராட்சி 2013 பிப்ரவரி 19-ஆம் நாள் தொடங்கிய அம்மா உணவகமும் ஒரு சங்கிலியே. தொடக்கத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய் என்று சுருக்கமான பட்டியலோடு அது நடந்தது. பின்னர் மாலையில் சப்பாத்தியும் சேர்ந்தது. சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர். அவ்விலை அரசின் மானியத்தால் இயன்றது என்பது உண்மை. எனினும் ஒரே அளவில், ஒரே தரத்தில், பல இடங்களில் சமைத்து வழங்கும் திறமை நம் பெண்களிடம் உண்டென்பதை அது மெய்ப்பித்துவிட்டது.

நாம் செய்யத்தக்கவை

சங்கிலி உணவகம் எதற்கேனும் சரக்கு அளிக்க முன்வரும் அங்கத்தினர்கள் ஐந்து கேள்விகளைக் கேட்டுத் தெளிதல் வேண்டும். விலை நிலையானதா, அன்றைய சந்தையைப் பொறுத்ததா? தரம் பிரிப்பவர் யார். பிரிக்கும்போது விவசாயி உடனிருக்கலாமா? கழிக்கப்பட்ட சரக்கை வெளியில் விற்க உரிமை உண்டா? பணம் எத்தனை நாளில் வரும்? பட்டியலிலிருந்து அப்பண்டம் நீக்கப்பட்டால், வயலில் நிற்கும் பயிருக்குப் பொறுப்பு யாருடையது? ஐந்தாவது கேள்வியே தலையாயது. அதைக் கேட்க மறந்துவிடுகிறவரே அதிகம்.

தனியொருவர் இக்கேள்விகளைக் கேட்டால் கதவு அடைபடலாம். சங்கத்தின் பெயரால் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கும், ஏனெனில் பல கிளைகளை நடத்துகிறவருக்கு வேண்டிய அளவு சரக்கைத் தனி விவசாயி ஒருவரால் தர இயலாது, சங்கத்தால் இயலும். மேலும் நிலம் முழுவதையும் ஒரே வாடிக்கையாளருக்கென்று ஒதுக்காமல், ஒரு பகுதியை உழவர் சந்தைக்கும் வீட்டிற்கும் வைத்துக் கொள்வது முன்னோர் காட்டிய விவேகம்.

வண்டலூர்ச் சாலையில் பெயர்ப்பலகைகள் இனியும் மாறும். இன்று பட்டியலில் உள்ள பண்டம் நாளை இல்லாமற் போகும். எது வரினும் எது போயினும் அரிசியும் பருப்பும் காயும் எங்கோ ஒரு வயலிலிருந்துதான் வந்தாக வேண்டும். அவ்வயலுக்குரியவர் பட்டியல் எழுதப்பட்ட பிறகு அதைப் படித்தறிபவராக மட்டும் இராமல், அது எழுதப்படும்போதே தம் சங்கத்தின் வழியாகப் பேசக் கூடியவராக ஆக வேண்டும். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதைப் பற்றி ஆலோசிப்பார்களாக.